தெருவில் நிற்கும் அரண்மனை

(பொது நூலக அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரண்மனை என்று சொன்னவுடன் நம் மனம் முதலில் எழுப்புவது ஒரு மதிலைத்தான். மதிலுக்கு வெளியே அகழி, கோட்டைவாசல், வாசலில் காவலர், இத்தனையும் தாண்டி உள்ளே எங்கோ ஓர் அரசர். நேபாளத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கில் பாதன் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. லலித்பூர் என்றும் சொல்வார்கள். அந்த நகரத்து அரண்மனைக்கு முன்னால் போய் நின்றால் நம்முடைய இந்தக் கணக்கு தப்பிப்போகும். கடைத்தெருவிலிருந்து வடக்கே பார்த்து நடந்து வருகிறீர்கள். இடக்கைப் பக்கம் வரிசையாகக் கோயில்கள். வலக்கைப் பக்கம் நீளமாக ஒரு செங்கல் வீடு. அந்த வீடுதான் அரண்மனை. கையை நீட்டினால் சுவரைத் தொடலாம். அதன் திண்ணையில் யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த ஒரு செய்தியைத்தான். தெருவுக்கும் தனக்கும் இடையில் மதில் வைத்துக்கொள்ளாத ஓர் அரண்மனை எப்படி இருக்கும், அதைக் கட்டிய அரசர்கள் போன பிறகு அதற்கு என்ன ஆகும் என்பதே என் பேச்சு. நம்மவர்கள் நேபாளம் போவது பெரும்பாலும் பசுபதிநாதரையும் முக்திநாதரையும் சேவிக்க. அப்படிப் போகிறவர்கள் பாக்மதி ஆற்றைத் தாண்டி அரைநாள் இங்கே செலவிட வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் கொஞ்சம் வரலாறு. பள்ளத்தாக்கு முழுவதையும் ஆண்ட யட்ச மல்லர் 1482இல் காலமானார். அதன்பிறகு நாடு துண்டுபட்டது. காத்மாண்டும் பக்தபூரும் தனித்தனி அரசுகளாயின. பாதன் நெடுநாள் உள்ளூர்ப் பிரபுக்கள் கையில் இருந்தது. 1597இல் காத்மாண்டு அரசர் சிவசிம்ம மல்லர் அதைப் பிடித்தார். அவருடைய பேரன் சித்தி நரசிம்ம மல்லர் 1619இல் பாதனுக்குத் தனி அரசரானார். அவர், அவர் மகன் ஸ்ரீநிவாச மல்லர், பேரன் யோக நரேந்திர மல்லர் என்று மூன்று தலைமுறை, 17ஆம் நூற்றாண்டு முழுவதும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். நாம் இன்று பார்க்கும் அரண்மனையில் பெரும்பகுதி அவர்கள் காலத்தது.

மூன்று தலைநகரங்கள், மூன்றும் நடந்து போகும் தூரத்தில். ஆள்பவர்களோ பங்காளிகள். ஒருவர் கோயில் கட்டினால் அடுத்தவர் அதைவிட உயரமாகக் கட்ட வேண்டும். ஒருவர் சன்னலுக்குப் பொன்முலாம் பூசினால் அடுத்தவர் வாசலுக்கே பூச வேண்டும். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடந்த வணிகம் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் போயிற்று. திபெத் தன் வெள்ளியை இங்கே அனுப்பும். மல்ல அரசர்கள் அதை நாணயமாக அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். இடையில் நல்ல ஆதாயம் தங்கிவிடும். பங்காளிப் போட்டியும் திபெத்து வெள்ளியும் சேர்ந்து எழுப்பிய கட்டடங்கள் இவை.

பணம் அரசருடையது. கை யாருடையது? நேவார் மக்களுடையது. இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகள் அவர்கள். நேவார் சமூகத்தில் செங்கல்லும் ஓடும் ஆவாலேக்களின் தொழில், மரச்செதுக்கு ஷில்பகார்களின் தொழில், செம்புத் தகடு தாம்ராகார்களின் தொழில். பொன்வேலைக்கும் விக்கிரக வார்ப்புக்கும் பாதனின் ஷாக்கியர்கள் பேர்போனவர்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே அரனிகோ என்ற நேவார்க் கலைஞர் ஒரு கைவினைஞர் கூட்டத்தோடு திபெத்துக்குப் போய், அங்கிருந்து குப்ளாய் கான் அவைக்கு அழைக்கப்பட்டார். பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும் வெண்தூபி அவர் எழுப்பியது. ஆக, மல்ல அரசர்கள் தொழில் கற்றுக்கொடுத்து ஆள் திரட்ட வேண்டியிருக்கவில்லை. பல நூறு ஆண்டுகள் பழகிய கை தெருவிலேயே காத்திருந்தது.

இனி, கட்டடத்துக்கு வருவோம். ஒரு நேவார்க் கட்டடத்தின் முன் நின்று எதைப் பார்ப்பது?

முதலில் செங்கல். வெளிமுகத்துச் செங்கல்லைத் தாச்சி அப்பா என்கிறார்கள். அதன் முகம் வழவழப்பாக, ஆழ்ந்த சிவப்பில் இருக்கும். பின்பக்கம் ஆப்பு போலச் சரிந்து குறுகும். அப்படி இருப்பதால், அடுக்கும்போது முன்முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாந்து பின்னால் ஒளிந்துகொள்ளும். இது வெறும் அழகுக்காக இல்லை. அந்தச் சாந்து மண்சாந்து. மழை பட்டால் கரைந்துவிடும். ஆகவே மழைக்கு முகம் காட்டாத இடத்தில் அதை வைக்கிறார்கள்.

அடுத்து கூரை. சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டு, பெரிய நிழலாகக் கவிந்திருக்கும். காரணம் அதே மழைதான். அவ்வளவு நீண்ட கூரையைச் சுவரிலிருந்து சாய்ந்து எழும் தாங்குமரங்கள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு தாங்குமரத்திலும் பல கைகளோடு ஒரு தெய்வம். அதன் காலடியில் சில இடங்களில் காமக் காட்சிகள். பார்க்க வருகிறவர்கள் அந்தக் காலடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தத் தெய்வத்தின் தலைமேல் ஒரு கூரையின் பாரம் இறங்குவதை யாரும் கவனிப்பதில்லை. சிற்பமும் கட்டுமானமும் அங்கே ஒரே மரத்துண்டு.

மரம் பெரும்பாலும் சால மரம். தூணும் உத்திரமும் துளையும் முளையுமாகப் பொருந்தி, மர ஆப்பால் இறுக்கப்படுகின்றன. இரும்பு ஆணிக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. நிலம் அசைந்தால் அந்த இணைப்பு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இமயமலை அடிவாரத்தில் வீடு கட்டுகிறவன் பூகம்பத்தை நினைக்காமல் கட்ட முடியாது.

பிறகு சன்னல். குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் கோத்துப் பின்னிய திக்கி ஜ்யா சன்னல் வழியே உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவில் இருப்பவருக்கு உள்ளே இருட்டுதான் தெரியும். மேல்மாடியில் மூன்று வாய்களோடு தெருப்பக்கம் சாய்ந்து நீளும் பெரிய சன்னல் சன் ஜ்யா. வீட்டாரெல்லாம் கூடி உட்கார்ந்து தேரோட்டம் பார்க்கும் இடம் அது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். செங்கல், மண்சாந்து, ஓட்டுக் கூரை, தாங்குமரம், பின்னல் சன்னல் என்று இவ்வளவு நேரம் சொன்னவை அரண்மனையின் உறுப்புகள். இவற்றில் பெரும்பாலானவை பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு குடியானவர் வீட்டிலும் உண்டு. நேவார் வீட்டுக்குக் கீழிருந்து மேலாக நான்கு அடுக்கு. தரைத்தளம் சேலி, அங்கே கடையோ கிடங்கோ இருக்கும். அதன்மேல் மாதன், படுக்கும் இடம். அதற்கும் மேல் சோதா. உட்கார்ந்து பேசவும் வேலை செய்யவும். உச்சியில், கூரைக்கு அடியில் பைகா. அங்கே அடுப்பும் பூசையிடமும். நீளவாட்டில் நடுவே ஒரு சுவர் ஓடி வீட்டை முன்கட்டு, பின்கட்டு என்று பிரிக்கும். இப்படிப்பட்ட வீடுகளை ஒரு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நிறுத்தினால் ஒரு குடும்பத்தின் வளவு வரும். பௌத்தத் துறவிகளின் மடமான பகால் வரும். அரசரின் முற்றமான சௌக்கும் வரும். அளவும் செதுக்கும் பொன்னும் கூடும். இலக்கணம் மாறாது. உள்ளே போனால் அறைகள் குறுகியவை, வாசல்கள் தாழ்ந்தவை. அரசரும் குனிந்துதான் நுழைந்திருக்க வேண்டும்.

பாதன் அரண்மனையில் முக்கியமான சௌக்குகள் மூன்று. தெற்கே சுந்தரி சௌக். அதன் வாசலில் செந்தூரம் அப்பிய அனுமன், பிள்ளையார், நரசிம்மர். உள்ளே முற்றத்து நடுவில் தரைமட்டத்துக்குக் கீழே துஷா ஹிட்டி என்ற அரசரின் நீராடுமிடம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சித்தி நரசிம்மர் அமைத்தது. கல்லால் ஆன அந்தப் பள்ளத்தின் உட்சுவரில் அஷ்ட மாத்ருகைகள், பைரவர்கள், நாகங்கள் என்று வரிசை வரிசையாகச் சிறு சிலைகள். விளிம்பைச் சுற்றிக் கல்லில் பாம்பு. அளவில் சிறிய இடம். பார்த்து முடிக்க நேரம் போதாது.

நடுவில் மூல் சௌக். அரசகுல தெய்வமான தலேஜுவின் முற்றம். முடிசூட்டு, தசைன் திருவிழா எல்லாம் இங்கேதான். நடுவில் பொன்முலாம் பூசிய சிறு கோயில்; தெற்கு வாசலின் இருபுறமும் செம்பில் தட்டி எடுத்துப் பொன் பூசிய கங்கையும் யமுனையும் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். நேவார் உலோக வேலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் இந்த இருவரையும் காட்டுவேன்.

வடக்கே கேசவ நாராயண சௌக். 1734இல் முடிந்தது. அதன் பொன்வாசலுக்கு மேலே பொன்சன்னல். அரசர் மக்களுக்குக் காட்சி தந்த இடம். இந்தப் பகுதியைத்தான் ஆஸ்திரிய அரசின் உதவியோடு, கட்டடக் கலைஞர் கோட்ஸ் ஹாக்முல்லர் நெடுங்காலம் செப்பனிட்டார். 1997இல் அது பாதன் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1666இல் ஸ்ரீநிவாச மல்லருக்காகச் செய்த பொன்முலாம் சிம்மாசனம் அங்கே இருக்கிறது. புதிதாகச் சேர்த்த பகுதி புதிதாகவே தெரியட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பழையதுபோல வேஷம் கட்டவில்லை.

சரி, அரண்மனைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? 1637இல் சித்தி நரசிம்மர் கல்லிலேயே எழுப்பிய கிருஷ்ணன் கோயில். 21 பொற்கலசங்கள். மாடவரிசையில் பாரதக் காட்சிகள். அதற்கு மேல் ராமாயணம். கீழே நேவார் மொழியில் விளக்கக் குறிப்புகள். கொஞ்சம் தள்ளி, வணிகர்களின் தெய்வமான பீமசேனருக்கு ஒரு கோயில். உயர்ந்த தூணின் மேல் கைகூப்பி அமர்ந்த யோக நரேந்திர மல்லர்; தலைமேல் குடைபிடிக்கும் நாகம்; நாகத்தின்மேல் ஒரு சிறு பறவை. அந்தப் பறவை பறந்துபோகாதவரை அரசர் திரும்பி வருவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவருக்காக அரண்மனையில் ஒரு சன்னல் திறந்தே இருக்குமாம். பக்கத்தில் விஷ்ணு மல்லர் 18ஆம் நூற்றாண்டில் தொங்கவிட்ட பெரிய மணி. குறை உள்ளவர்கள் அதை அடித்து அரசரை அழைக்கலாம் என்பார்கள். நம் ஊரில் சொன்னால் ஆராய்ச்சி மணி. வடகோடியில், படியிறங்கிப் போனால் மங்கா ஹிட்டி. மல்லர்களுக்கு வெகுகாலம் முன்பு, லிச்சவி அரசர்கள் காலத்தில், 6ஆம் நூற்றாண்டில் அமைந்த தண்ணீர்த்துறை. கல் மகரங்களின் வாயிலிருந்து விழும் நீரை இன்றும் குடத்தில் பிடித்துப்போகிறார்கள்.

அரசரின் சன்னலுக்கும் அரசரின் தெய்வத்துக்கும் இடையில் ஊர் தண்ணீர் எடுத்தது, காய்கறி விற்றது, சண்டை போட்டது. நேபாள நாட்காட்டியின் கார்த்திக் மாதத்தில் அரண்மனைக்கு முன்னால் இருக்கும் மேடையில் சித்தி நரசிம்மர் தொடங்கிவைத்த கார்த்திக் நாச் ஆட்டம் நடக்கும். நரசிம்மம் இரணியனைக் கிழிக்கும் காட்சிக்குக் கூட்டம் நெரியும். அந்த ஆட்டம் இன்றும் நின்றுபோகவில்லை.

இதை வைத்து மல்ல அரசர்கள் ஏதோ சமத்துவம் பேசியவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. தலேஜுவின் சன்னதிக்குள் எல்லாரும் நுழைய முடியாது. எந்தச் சாதி எந்தத் தொழில் என்பது கறாராக வகுக்கப்பட்டிருந்தது. அரண்மனையை விரிவாக்க அங்கிருந்த ஒரு பௌத்த விகாரத்தையே சித்தி நரசிம்மர் வேறிடத்துக்குப் பெயர்த்தார். பின்னல் சன்னலும் உள்ளிருப்பவருக்குத்தான் வசதி. அதிகாரம் அதிகாரம்தான். ஆனால் அந்த அதிகாரம் ஊரின் கண்முன்னால் உட்கார்ந்திருந்தது. ஊர் கட்டும் முறையிலேயே தன் வீட்டையும் கட்டிக்கொண்டது. நான் சொல்வது அவ்வளவே.

1768இலும் 1769இலுமாகக் கூர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா மூன்று நகரங்களையும் பிடித்தார். மல்லர் ஆட்சி முடிந்தது. வெற்றி பெற்றவர் நேவார் இல்லை. ஆனாலும் அவர் நுவாகோட்டில் எழுப்பிய ஏழடுக்கு மாளிகையும், காத்மாண்டு அனுமான் தோகா அரண்மனையில் சேர்த்த பசந்தபூர் கோபுரமும் நேவார்ச் செங்கல், நேவார் மரவேலை. நாட்டைப் பிடித்தவரால் அந்தக் கையை விட முடியவில்லை.

விட்டது அதற்குப் பின்னால். 19ஆம் நூற்றாண்டில் ராணா குடும்பம் அதிகாரத்தைக் கைப்பற்றியது. அவர்கள் ஐரோப்பாவைப் பார்த்து வெள்ளைச் சுண்ணப்பூச்சு மாளிகைகள் கட்டினார்கள்; சுற்றிலும் பெரிய தோட்டம், தோட்டத்தைச் சுற்றி உயர்ந்த மதில். 1908இல் சந்திர ஷம்ஷேர் கட்டிய சிங்க தர்பார் அதன் உச்சம். பிறகு 1970இல் தயாரான புதிய நாராயணஹிட்டி அரண்மனை. வடிவமைத்தவர் பெஞ்சமின் போல்க் என்ற அமெரிக்கர். அதற்கும் மதில், இரும்புக் கதவு, காவல். 2001 ஜூன் 1 இரவு அங்கே அரசரும் அவர் குடும்பத்தார் பலரும் சுடப்பட்டு மாண்டபோது, உள்ளே என்ன நடந்தது என்று மதிலுக்கு வெளியே இருந்த நாட்டுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வதந்தியே செய்தியாகச் சுற்றியது. 2008இல் முடியாட்சியே போயிற்று. இப்போது நாராயணஹிட்டியும் அருங்காட்சியகம்தான். சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். அந்த இடத்தோடு ஊருக்கு வேறு கொடுக்கல் வாங்கல் குறைவு.

பாதனுக்கு வருவோம். அரசர் போய் இரண்டரை நூற்றாண்டு ஆன ஒரு வீடு எப்படி நிற்கிறது? மண்சாந்துக் கட்டடம் தானாக நிற்காது. கூரையில் ஓட்டுக்கு அடியில் களிமண் பரப்பியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அதில் புல் முளைக்கும். ஆண்டுதோறும் பிடுங்காவிட்டால் வேர் ஓட்டை நகர்த்தும், நீர் இறங்கும், உத்திரத்தின் முனை சுவருக்குள்ளேயே இற்றுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பூகம்பம் வரும்போதுதான் தெரியும். இந்தப் பராமரிப்புக்கு நேவார்கள் வைத்திருந்த ஏற்பாட்டுக்குக் ‘குட்டி’ என்று பெயர். கோயிலுக்கோ சத்திரத்துக்கோ தண்ணீர்த்துறைக்கோ நிலம் எழுதிவைத்து, அதன் விளைச்சலில் விளக்கு, விழா, பழுது எல்லாவற்றையும் ஓர் உறவுக்குழு தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்ளும். 20ஆம் நூற்றாண்டில் நிலங்கள் கைமாறின, பல குட்டிகள் நலிந்தன. 1934 பூகம்பத்துக்குப் பிறகு பல இடங்களில் அவசர அவசரமாக, உயரம் குறைத்து, கிடைத்ததைக் கொண்டு கட்டிவைத்தார்கள்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. மதியத்துக்குச் சற்று முன்னால் 7.8 அளவில் பூமி ஆடியது. நாடெங்கும் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். பாதன் அரண்மனைக்கு முன்னுள்ள சதுக்கத்தில் சார் நாராயண் கோயிலும் ஹரிசங்கர் கோயிலும் மேடைவரை சரிந்தன. மங்கா ஹிட்டியை ஒட்டிய இரண்டு மணிமண்டபங்கள் விழுந்தன. யோக நரேந்திரர் தூணிலிருந்து கீழே வந்தார். கல்லாலான கிருஷ்ணன் கோயில் விரிசலோடு நின்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சீராகச் செப்பனிட்டிருந்த அரண்மனைப் பகுதிகள் பெரிய சேதமின்றித் தப்பின. பழுதுபார்த்த கட்டடமும் பாராத கட்டடமும் ஒரே நிமிஷத்தில் ஒரே தெருவில் பரீட்சை எழுதின என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்தப் பேச்சுக்கு உயிர். இடிபாடுகளுக்குள் கிடந்த செதுக்கிய தாங்குமரங்கள், தோரணங்கள், தூண்கள் எல்லாம் திருட்டுச் சந்தையில் பெரும் விலை பெறும் பொருள்கள். ஊர்க்காரர்களும் அருங்காட்சியக ஊழியர்களும் படைவீரர்களும் கையோடு கை மாற்றி அவற்றை அரண்மனை முற்றங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எடுத்துவைத்ததால் திரும்பக் கட்ட முடிந்தது. காத்மாண்டு பள்ளத்தாக்குப் பாதுகாப்பு அறக்கட்டளையின் மேற்பார்வையில், அரண்மனை வளாகத்திலேயே பட்டறை போட்டு, நேவார்த் தச்சர்கள் பழைய துண்டுக்குப் புதிய துண்டைப் பொருத்தினார்கள். வெளிநாட்டு நிதியும் வந்தது; மறைவாக எஃகு சேர்க்கலாமா, கூடாதா என்ற வாதமும் நடந்தது. வாதம் நடந்ததே நல்ல அறிகுறி. காத்மாண்டில் ராணி போக்ரி குளத்தில் கான்கிரீட் ஊற்றத் தொடங்கியபோது ஊர் திரண்டு எதிர்த்து, அதை எடுக்கவைத்து, பழைய முறைக்கே திரும்பச் செய்தது. 2019இல் குட்டிச் சொத்துகளை அரசின் பிடிக்குள் கொண்டுவரும் என்று அஞ்சப்பட்ட சட்ட மசோதாவுக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள்; அரசு அதைத் திரும்பப் பெற்றது.

அந்த மக்கள் அரசர்களின் நினைவுக்காக இத்தனை பாடுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முடியாட்சியை வேண்டாம் என்று முடிவுசெய்த நாடு அது. தங்கள் தண்ணீர்த்துறை, தங்கள் ஆட்டமேடை, தங்கள் தேர் போகும் வழி, தங்கள் முன்னோர் செதுக்கிய மரம் என்றே அவர்கள் ஓடிவந்தார்கள். அரண்மனை அந்த வரிசையில் ஒரு வீடாக நின்றதால் அதற்கும் அந்தக் கை கிடைத்தது.

நீங்கள் அங்கே போனால் காலையில் போங்கள், கூட்டம் சேர்வதற்கு முன்னால். முதலில் அருங்காட்சியகத்துக்குள் ஓடாதீர்கள். கிருஷ்ணன் கோயிலின் எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அரண்மனையின் முகப்பைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். பிறகு பின்சந்துகளில் நடந்து ஒரு சாதாரண வீட்டின் சன்னலைப் பாருங்கள். அதற்கப்புறம் சீட்டு வாங்கி உள்ளே போங்கள். வழிகாட்டியிடம் இதை எந்த அரசர் கட்டினார் என்று கேட்பது நம் வழக்கம். அதையும் கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: கூரைமேல் முளைத்த புல்லை இந்த ஆண்டு யார் பிடுங்கினார்கள்? எந்தப் பழைய கட்டடத்தின் முன்னால் நின்றாலும் கேட்கத் தகுந்த கேள்வி அது. பதில் சொல்ல ஆள் இருக்கும் கட்டடம் அடுத்த பூகம்பத்துக்கும் தயாராக இருக்கும்.